உள்ளாட்சியும் இளைஞரும்

சாலை அமைத்தலும், நூலகம் திறத்தலும், பேருந்துக் கட்டணத்தை வரையறுத்தலும் பெரியோர் கூடி முடிவு செய்யும் செயல்களாகும். ஆயினும், அச்சாலையில் நாள்தோறும் பள்ளிக்கு நடப்போருள்ளும், அந்நூலகத்தில் அமர்ந்து படிப்போருள்ளும், அப்பேருந்தில் செல்வோருள்ளும் சிறுவர் சிறுமியர் பலர் உளர். வாக்குரிமை பெறாத இவர்கள் தம் குறைகளை யாரிடம் எடுத்துரைப்பர்? இவ்வினாவிற்கு விடை காண முயன்ற நகரங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் விளங்கும் சான்பிரான்சிஸ்கோ ஆகும்.

அந்நாட்டின் மாநிலங்களிற் பெரும்பாலானவை 'கவுண்டி' என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒருவாறு ஒத்தது. ஆட்சி முறையிலோ அதனின்றும் வேறுபட்டது. நம் மாவட்ட ஆட்சித் தலைவர் அரசினரால் அமர்த்தப்பெறுபவர். கவுண்டியின் ஆட்சிக் குழுவினரோ அப்பகுதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியோர் தம் தாய்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி இவ்வமைப்பை ஏற்படுத்தினர். நிலப் பத்திரங்களைப் பதிவு செய்தல், சிறைச்சாலையை நடத்துதல், பொதுச் சுகாதாரத்தைக் காத்தல், தேர்தல் நடத்துதல் முதலியன பல கவுண்டிகளின் கடமைகளாகும். அளவில் அவை பெரிதும் வேறுபடும். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்ந்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் லவிங் கவுண்டியில் வாழ்ந்தோர் 64 பேரே!

கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள் உள்ளன. அவற்றுள் சான்பிரான்சிஸ்கோ ஒன்றே நகரமும் கவுண்டியுமாக இணைந்து ஒரே ஆட்சியின்கீழ் இயங்குவது. இவ்விணைப்பு 1856இல் நிகழ்ந்தது. 11 உறுப்பினர் கொண்ட மேற்பார்வையாளர் அவை சட்டங்களை இயற்ற, மேயர் நிருவாகத்தை நடத்துகின்றார்.

1995ஆம் ஆண்டில் அந்நகர மக்கள் வாக்களித்துத் தம் நகரச் சாசனத்தில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தனர். அதன்படி இளைஞர் ஆணையம் ஒன்று தோன்றியது. இதன் உறுப்பினர் 17 பேர். அமர்த்தப்பெறும்போது அவர்கள் 12 வயதிற்குக் குறையாமலும் 23 வயதிற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் ஓர் இளைஞரை நியமிப்பர். மேயரும் ஒருவரை நியமிப்பார். போதிய இடம் பெறாத மக்கட் பிரிவுகளிலிருந்து மேலும் ஐவரைத் தேர்ந்தமர்த்தல் மேயரின் கடமை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அவையை நிரப்பிவிடாமல், எளியோர் குரலும் ஒலித்தற்கு இவ்விதி துணை செய்கின்றது. உறுப்பினரின் பதவிக்காலம் ஓராண்டு.

இவ்வாணையத்தின் உயிர்நாடி எனத்தக்க விதி ஒன்றுண்டு. சிறுவரையும் இளைஞரையும் முதன்மையாகத் தாக்கும் எப்பொருளாயினும், அதுபற்றி மேற்பார்வையாளர் அவை இறுதி முடிவு செய்யுமுன், அதனை இளைஞர் ஆணையத்தின் கருத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஆணையம் 12 நாட்களுக்குள் தன் கருத்தைத் தெரிவிக்கலாம். அந்நாட்கள் கழிந்தபின், கருத்து வந்தாலும் வாராவிடினும், அவை தன் முடிவைச் செய்யும். ஆணையத்தின் கருத்து அவையைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும், கேளாமல் முடிவு செய்தல் கூடாது என்பதே சட்டம். இளைஞர் சோம்பியிருப்பின் பன்னிரண்டு நாட்களும் வீணே கழியும். ஆராய்ந்து தக்க காரணங்களோடு எழுதின், அவர்தம் சொல் ஆட்சியாளர் முன் நிற்கும்.

அத்தகைய சொல் பயன் தந்தமைக்குச் சான்று ஒன்று காண்போம். பள்ளிப் பிள்ளைகள் பலர் அந்நகரப் பேருந்துகளையே நம்பியிருந்தனர். கட்டணம் உயர்ந்தபோது ஏழைக் குடும்பங்கள் இடருற்றன. இளைஞர் ஆணையத்தினர் சமூக அமைப்புகளோடு சேர்ந்து, கட்டணமில்லாப் பயணம் வேண்டுமெனத் தொடர்ந்து வாதாடினர். முயற்சி ஒரு நாளிற் கைகூடவில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வருவாய் குறைந்த குடும்பத்துச் சிறுவர்க்கு மட்டும் அவ்வசதி சோதனை முறையில் வழங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், 18 வயது வரையுள்ள அனைவர்க்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதாகக் கருதுதல் தவறு. அமெரிக்காவில் வாக்குரிமை வயது 1971இல் 18 ஆக்கப்பட்டது. நகரத் தேர்தல்களிலேனும் 16 வயதினர் வாக்களிக்க வேண்டும் என இவ்வாணையத்தினர் விரும்பினர். 2016இலும் 2020இலும் இக்கோரிக்கை பொதுமக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. முதன்முறை நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேரும், மறுமுறை ஏறத்தாழ 49 பேரும் ஆதரித்தனர். இருமுறையும் சிறு வேறுபாட்டில் அது தோல்வியுற்றது. வாக்களித்தோர் மூத்தோர், தீர்ப்புப் பெற்றோர் இளையோர். தோல்வியை ஏற்று, மீண்டும் காரணங்காட்டி மக்கள் மனத்தை மாற்ற முயல்வதே குடியாட்சியின் நெறியாகும்.

நீந்தும் முறையைக் கரையில் நின்று எத்துணைக் கேட்பினும், நீரில் இறங்கினாலன்றி நீந்துதல் கைவராது. குடியாட்சியும் அத்தகையதே. பொதுப் பணம் எவ்வாறு வருகின்றது, ஒரு செலவைக் கூட்டினால் எதனைக் குறைத்தல் நேரும், மாற்றுக் கருத்துடையோரை எவ்வாறு மதித்துப் பேசுவது என்பனவற்றைப் பொதுப்பணியில் பங்கு கொள்வோரே தெளிவாக உணர்வர். குறை கூறுதல் எவர்க்கும் எளிது; குறையை ஆராய்ந்து, அது தீரும் வழியைத் தெளிவாக எழுதி, குறித்த நாளுக்குள் உரியவரிடம் சேர்த்தல் அரிது. அவ்வரிய பயிற்சியை இளமையிலேயே பெறுவோர், பிற்காலத்தில் ஆளும் இடத்தில் அமரினும், ஆளப்படும் இடத்தில் இருப்பினும், தம் நாட்டிற்கு நற்குடிமக்களாய்த் திகழ்வர்.