கேமரா வாங்கப் போகிறீர்களா?

"ஐந்தாம் படிவம் முடித்துவிட்டேன் அப்பா. கல்யாண வீடுகளில் படம் எடுக்கப் போகிறேன். ஒரு கேமரா வாங்கிக் கொடுங்கள்" என்று மகன் கேட்கிறான். மகள் கேட்பதும் உண்டு. தாய் தகப்பனுக்கோ கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், செம்பனைக் குலை வெட்டியும் பால் மரம் சீவியும் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்பதுதான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை இன்று பேசலாம்.

"கைப்பேசியிலேயே கேமரா இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கைப்பேசியே போதும். அதற்காகக் கேமரா வாங்குவது வீண் செலவு. ஆனால் தோட்டத்துக் கோயிலில் இரவு நேரத் திருவிழா, மண்டபத்தின் மங்கலான விளக்கில் தாலி கட்டு என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். மழை பெய்யும்போது பால் மங்கு ஒன்றையும் வாளி ஒன்றையும் வெளியே வையுங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் ஒரு தகடு இருக்கிறது. அதைச் சென்சார் என்பார்கள். முழு அளவுச் சென்சார் என்பது அந்தக் காலத்து ஃபிலிம் கட்டத்தின் அளவு, அதாவது 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். அதற்கு அடுத்த சிறிய வகை ஏறக்குறைய 23க்கு 15 மில்லிமீட்டர். கைப்பேசியில் இருப்பது இவற்றைவிட மிகச் சிறியது. கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகையே தாராளமாகப் போதும்.

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்காக இருக்கும். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 13 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். நம் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் எத்தனை அங்குலம்? எண்ணிப் பாருங்கள்.

பணத்தைப் போட வேண்டிய இடம் லென்ஸ். லென்சின் முன் விளிம்பில் 1:3.5-5.6 என்றோ 1:1.8 என்றோ பொறித்திருப்பார்கள். அதன் வாய் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சிறியதானால் வாய் பெரிது. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண லென்சைக் கிட்டத்தில் இழுத்துப் படம் எடுத்தால் 5.6 வரைதான் திறக்கும். 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். இருட்டில் பத்து மடங்கு என்பது சாதாரணமா? 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் பல கம்பெனிகளில் மலிவாகவே கிடைக்கிறது. லயத்து வீட்டுக்குள் நின்று குடும்பத்தோடு எடுப்பதானால் 35 மில்லிமீட்டர் வாங்குவது நல்லது. 50இல் பின்னால் நகர இடம் இருக்காது.

புதுக் கேமரா எட்டாத விலையா? பழையதைப் பார்க்கலாம். 2018இல் நிக்கான், கேனான் ஆகிய இரு நிறுவனங்களும் உள்ளே கண்ணாடி இல்லாத முழு அளவுக் கேமராக்களைக் கொண்டுவந்தன. அதன்பிறகு பலரும் அவற்றின் பக்கம் போய்விட்டதால், கண்ணாடி வைத்த நல்ல கேமராக்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. ஆனால் இங்கேதான் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

1991இல் என் தங்கைக்குத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். படம் எடுக்க ஆள் வைக்க வசதியில்லை. தீபாவளிக்குக் கிடைத்த போனசில் பட்டணத்து மூலைக்கடை ஒன்றில் பழைய ஃபிலிம் கேமரா வாங்கினேன். வெளியே பளபளப்பு, தோல் உறை எல்லாம் இருந்தது. கல்யாணத்தன்று மூன்று ஃபிலிம் சுருள்கள் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாப் படமும் புகைக்குள்ளே எடுத்தது போல இருந்தது. கோயில் விளக்குகள் பூத்துப் பரவி, அம்மாவின் முகத்தை மூடிவிட்டன. லென்சைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தது. பூசணம்! கடைக்காரரிடம் போனேன். "பார்த்துத்தானே வாங்கினாய்?" என்றார். கையிலிருந்த துண்டுச் சீட்டில் விலை மட்டும்தான் எழுதியிருந்தது. கேமராவை விடுங்கள், கல்யாணத்தை மறுபடி நடத்த முடியுமா?

ஆகையால் பழைய லென்ஸ் வாங்கும்போது வெட்கப்படாமல் இப்படிச் செய்யுங்கள். லென்சைக் கேமராவிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். அதன் வாயை முழுவதும் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். இரண்டொரு தூசி கிடந்தால் பரவாயில்லை. நூல் போலவோ, பஞ்சுத் திட்டுப் போலவோ இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, லென்சின் வாயை 16 என்ற எண்ணுக்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீட்டர் கணக்கு மாதிரி, இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கும் சில கேமராக்களில் பதிவாகியிருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பூசணம் எங்கிருந்து வருகிறது? அதன் வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல்தான். ஈரம், இருட்டு, காற்றோட்டமில்லாத இடம், சாப்பாட்டுக்குக் கண்ணாடியில் படிந்த விரல் எண்ணெய் அல்லது தூசி ஆகிய நான்கும் சேர்ந்தால் அது முளைத்துவிடும். வளர வளரப் புளிப்புப் பொருளைச் சுரந்து, கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். ஆரம்பத்தில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் துடைக்கலாம். அரித்துவிட்ட பிறகு பூச்சு திரும்ப வராது.

இப்போது தாய்மார்கள் கவனியுங்கள். வீட்டில் விலையுயர்ந்த பொருள் என்றால் அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பூச்சி உருண்டை போட்டு வைப்பதுதானே நம் வழக்கம்? கேமராவுக்கு அது ஆகவே ஆகாது. பூச்சி உருண்டையின் ஆவி லென்சில் படிந்துவிடும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். என் கேமராவின் அழகான உறைதான் எனக்கு எமனாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பலகாரம் நமுத்துப் போகாமலிருக்க, விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கிறோம் அல்லவா? அதே டப்பாதான் கேமராவுக்கும் வீடு. உள்ளே சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். கூடவே சிறிய ஈரமானி ஒன்று வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. மணிகளில் ஆரஞ்சு நிறத்தது ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறத்தது இளஞ்சிவப்பாகும். நீல மணியில் கோபால்ட் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் ஆரஞ்சு மணியே வாங்குங்கள். நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத தனிச்சட்டியில் போட்டு மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். எந்த மணியானாலும் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அரிசி மாவு லென்ஸ் இடுக்கில் புகுந்துகொள்ளும், வேண்டாம். மின்சாரத்தில் இயங்கும் உலர்பெட்டியும் கடையில் கிடைக்கும். வருமானம் வந்த பிறகு வாங்கலாம். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுத்தால் லென்சில் வேர்வை பூக்கும். சற்று நேரம் பையிலேயே இருக்கட்டும்.

துணைப்பொருள்களில் கடைக்காரரின் லாபம் நிறைய. இலவசம் என்று கட்டிக்கொடுக்கும் மலிவான கண்ணாடி மூடியும் ஆடும் முக்காலியும் உண்மையில் நம் காசுதான். அவசியமானவை இரண்டாவது பேட்டரி, இரண்டு நினைவட்டைகள், தூசி ஊதும் ரப்பர் குமிழ், மெல்லிய துடைப்புத் துணி. ஒரே அட்டையை நம்பிக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. போலி அட்டைகள் நிறைய உலவுகின்றன. 128 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே பாதிகூட இருக்காது. வாங்கியதும் அது நிறையும்வரை படங்களை ஏற்றி, எல்லாம் திறக்கின்றனவா என்று பாருங்கள். மாமா கொடுத்த பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் விளக்கைப் புதுக் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். சிலவற்றில் வரும் உயர்ந்த மின்னழுத்தம் கேமராவைக் கெடுத்துவிடும்.

ரசீது விஷயத்துக்கு வருகிறேன். கடையின் பெயர், தேதி, கேமராவின் வரிசை எண், உத்தரவாதம் கொடுப்பது கம்பெனியா கடையா என்பது எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலேயே கடைக்காரர்மீது வழக்குப் பதியலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கினால் இந்த வழி கிடையாது. அதனால்தான் கைவிளக்கை மறக்காதீர்கள் என்கிறேன்.

டப்பாவில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஃபிலிம் நெகடிவ்கள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். ஃபிலிமின் மேல் பூசிய ஜெலட்டினும் பூசணத்துக்கு நல்ல தீனி. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று தாமான் வீடுகள் நிற்கின்றன. அந்த லயத்தின் வாசற்படியில் தாத்தா உட்கார்ந்திருக்கும் படம் அந்த நெகடிவில் மட்டுமே இருக்கலாம். அவற்றை வெறும் கையால் தொடாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்துக் காகித உறையில் போட்டு, அதே டப்பாவில் வையுங்கள். அச்சிட்ட படங்களின் பின்புறம் யார் யார் என்று மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் விழச் செய்யும். பெயர் தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.