லிப்டன் கோப்பையின் கதை

பல தேசத்துச் சங்கங்கள் கலந்துகொண்ட ஆதிக் கால்பந்துப் பந்தயங்களுள் ஒன்று, 1909ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து டூரின் நகரில் நடைபெற்றது. கோப்பையை அளித்தவர் தேயிலை வியாபாரி ஸர் தாமஸ் லிப்டன். இத்தாலி, ஜெர்மனி, ஸ்விட்ஜர்லாந்து தேசத்துக் குழுக்கள் வந்தன. ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கமோ குழு அனுப்ப மறுத்துவிட்டது. இங்கிலாந்தின் மானத்தைக் காத்தவர் யார்? டர்ஹாம் ஜில்லாவில் வெஸ்ட் ஆக்லாந்து என்னும் சிற்றூரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்! இறுதி ஆட்டத்தில் அவர்கள் வின்டர்தூர் குழுவை 2-0 என வென்றனர். 1911இல் மீண்டும் சென்று யுவெண்டஸ் குழுவை 6-1 என முறியடித்துக் கோப்பையைத் தமதாக்கிக்கொண்டனர்.

வெற்றியின் பலன் கடனே. கடன் தீர்க்கக் கோப்பையை 40 பவுனுக்கு ஒரு ஹோட்டல்கார அம்மையிடம் ஈடு வைத்தனர். 1960இல்தான் 100 பவுன் கொடுத்து அதை மீட்டனர். 1994இல் அது களவு போயிற்று. பின்னர் செய்துவைத்தது பிரதியே.

லிப்டனின் செல்வத்திற்கு இலங்கை மலைத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளரின் வியர்வையும் ஆதாரம். வள்ளல் பெயர் கோப்பையில் நிலைத்தது. சுரங்கத் தொழிலாளரின் கீர்த்தியை அவர்களூர் போற்றுகிறது. கொழுந்து கிள்ளிய நம்மவர் கதையை யார் எழுதுவது? நாமே எழுதவேண்டும்.