பூவென்று நாம் எண்ணும் இலைகள்

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் நம் மருத்துவமனையின் வரவேற்பறையில் பாயின்செட்டியா தொட்டிகள் இடம்பெறுகின்றன. காத்திருக்கும் உறவினர்கள் அவற்றின் பெரிய சிவப்புப் பூக்களைக் குறித்து எம்மிடம் வினவுவதுண்டு. அவை பூக்கள் அல்ல, இலைகளே. தாவரவியலார் அவற்றைப் பூவடிச் செதில்கள் என்பர்.

இச்செடியின் தாயகம் மெக்சிகோ. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1828-ஆம் ஆண்டளவில் இதனைத் தம் தென் கரோலினாவுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கும் நிலைத்தது. நாம் நன்கறிந்த ஆமணக்கும் மரவள்ளியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சிவப்பு இலைகளின் நடுவே உற்று நோக்கினால் மஞ்சளும் பச்சையுமான சிறு மொட்டுகள் தென்படும். பூக்கள் இருக்குமிடம் அதுவே. அவற்றுக்கு இதழ்கள் இல்லை. ஒவ்வொரு மொட்டின் ஓரத்திலும் உதடு போன்ற மஞ்சள் தேன்சுரப்பி ஒன்று உண்டு. இத்துணைச் சிறிய பூ, தன்னிடம் தேன் இருப்பதைத் தொலைவில் பறப்பவற்றுக்கு எவ்வாறு அறிவிக்கும்? அப்பணியைத்தான் இலைகள் ஏற்றுக்கொள்கின்றன. சிவப்பைக் கண்டு வண்ணத்துப்பூச்சிகளும் ஹம்மிங் பறவைகளும் வருகின்றன. தேன் அருந்துகையில் மகரந்தம் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவைச் சேர்கிறது. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகப் புலப்படாது. மெல்லிய இதழ் விரைவில் வாடிவிடும். இலையோ வாரக்கணக்கில் நிறம் மாறாது நிற்கும். நம் வீட்டு வாயில்களில் படரும் காகிதப்பூவும் இதே உத்தியைக் கையாள்கிறது: வண்ணம் இலைக்குரியது, நடுவிலுள்ள சிறு வெண்குழலே பூ.

இரவு நீளும் பருவத்திலேயே பாயின்செட்டியா சிவக்கும். நாள்தோறும் ஏறத்தாழ 14 மணி நேரத் தடையற்ற இருள், சுமார் இரண்டு மாதங்களுக்கு அதற்குத் தேவை. இரவெல்லாம் விளக்கெரியும் மருத்துவமனைக் கூடத்திலேயே அதனை வளர்த்தால் பச்சையாகவே இருந்துவிடும்! வாங்குவோர் நடுமொட்டுகள் இன்னும் விரியாத செடியைத் தேர்ந்தெடுத்தல் நலம். மகரந்தம் உதிர்ந்தபின் சிவப்பு இலைகளும் உதிரத் தொடங்கிவிடும்.

இது கொடிய நஞ்சு என்னும் அச்சம் பலரிடம் உள்ளது. 1919-இல் ஹவாயில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்ததாகப் பரவிய செய்தியே அதற்கு மூலம், அச்செய்தி மெய்ப்பிக்கப்படவில்லை. தின்றால் வயிற்றுக் குமட்டல் வரக்கூடும். பால் பட்டால் தோலும் கண்ணும் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் போதுமானது. ஆயினும், ரப்பர் கையுறையால் ஒவ்வாமை கொள்வோர் இச்செடியைத் தொடாதிருக்க வேண்டும். ரப்பர் மரமும் இதன் உறவே.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் அறைக்கு எந்த மண்தொட்டியையும் கொண்டுவர வேண்டா. ஈர மண்ணில் வளரும் பூஞ்சை அவர்களின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். அன்புடன் கொணர்ந்த செடியைச் செவிலியரிடம் சொல்லி வரவேற்பறையிலேயே வைத்துச் செல்லலாம்.