சி.சி. சொல்லாத இழுவை: படுவான்கரை வீதிகளில் கார் வாங்குவோரும் முந்துவோரும் அறியவேண்டியவை

இலங்கையில் பெற்றோல் கார்களுக்கான இறக்குமதி வரி, பிஸ்டன்கள் ஏறியிறங்கும் சிலிண்டர்களின் மொத்தக் கன அளவான சி.சி.யை ஒட்டிக் கணிக்கப்படுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படாமல் இருந்ததால், பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. இவ்விரண்டும் சேர்ந்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பழுகாமம் போன்ற ஊர்களில் 660 முதல் 800 சி.சி. வரையான சிறிய கார்களையே நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியவையாக்கின. அவற்றை வாங்குவோர் இழுவையையும் சி.சி.யைக் கொண்டே மதிப்பிடும் பழக்கமும் கூடவே வந்தது.

சி.சி. என்பது இயந்திரம் ஒரு முழுச் செயற்சுற்றில் எவ்வளவு காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுக்கலாம் என்பதற்கான அளவே. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையும், அது எந்த வேகச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதும், கியர் விகிதமும், காரின் நிறையும் சேர்ந்துதான் ஆர்முடுகலை, அதாவது வேகம் கூடும் வீதத்தை, முடிவுசெய்கின்றன. 796 சி.சி. கொண்ட சுசுக்கி அல்டோவின் மூன்று சிலிண்டர் இயந்திரம் ஏறத்தாழ 48 குதிரைவலுவையும் 69 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் தருகையில், காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பொருத்திய 658 சி.சி. ஜப்பானிய இயந்திரம் 64 குதிரைவலுவையும் ஏறத்தாழ 95 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையையும் தருகிறது. சி.சி.யே இல்லாத நிசான் லீவ் மின்காரோ 250 நியூட்டன் மீற்றருக்கு மேற்பட்ட முறுக்குவிசையை நின்ற நிலையிலிருந்தே தந்துவிடுகிறது. புகைக்குழாயை மாற்றி ஓசையைப் பெருக்கினால் இழுவை கூடும் என்ற நம்பிக்கைக்கு இக்கணக்கில் இடமில்லை.

படுவான்கரையில் இதைவிடப் பெரிய விடயம் சுமை. சுமார் 730 கிலோ நிறையுள்ள காரில் 60 கிலோ எடையுள்ள சாரதி மட்டும் இருக்கும்போது மொத்த நிறை 790 கிலோ. அதே எடையுள்ள ஐவர் ஏறினால் 1,030 கிலோ. அதே உந்துவிசைக்கு ஆர்முடுகல் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. குளிரூட்டியும், அடைபட்ட காற்று வடிகட்டியும், காற்றுக் குறைந்த டயரும், நழுவும் கிளச்சும் எஞ்சியதிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன.

அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை ஏற்றிய பெட்டியுடன் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் உழவு இயந்திரத்தை முந்துவதை எடுத்துக்கொண்டால், பின்னிருந்து பாதுகாப்பாக முன்னே வருவதற்குக் கார் அதைவிடச் சுமார் 40 மீற்றர் கூடுதலாக ஓடியாக வேண்டும். செக்கனுக்குச் செக்கன் 1.5 மீற்றர் வீதம் வேகத்தைக் கூட்டக்கூடிய கார் இதற்கு 7 செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தையும் சுமார் 100 மீற்றர் வீதியையும் எடுக்கும். ஆள்நிறைந்து, மேற்சொன்ன மற்றக் காரணங்களும் சேர்ந்து, ஆர்முடுகல் 0.8 மீற்றராகச் சரிந்த காருக்கு 10 செக்கனும் 123 மீற்றரும் தேவை. எதிரே மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு வாகனம் வந்தால், முந்தத் தொடங்குமுன் வெறுமையாக இருக்கவேண்டிய வீதி முதற்காருக்கு ஏறத்தாழ 225 மீற்றர், இரண்டாவதற்கு 290 மீற்றர். காலையில் தனியாகப் பாதுகாப்பாக முந்திய சாரதி, மாலையில் குடும்பத்தோடு திரும்புகையில் அதே இடைவெளியை நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. பட்டிருப்புப் பாலத்தைப் போல இருபுறமும் ஒதுங்க இடமில்லாத இடங்களில் அந்தத் தவறைத் திருத்தவும் வழியிராது. நகர்ப்புறங்களுக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற சட்ட வரம்புக்குள் ஓடுபவருக்கும் இக்கணக்கு பொருந்தும்.

வாங்குபவர் பதிவுச் சான்றிதழிலுள்ள சி.சி.யையும் இயந்திர இலக்கத்தையும் வாகனத்தோடு ஒப்பிடுவதோடு, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, குளிரூட்டியைப் போட்டு, ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அக்சிலரேட்டரை மிதிக்கையில் ஓசை உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளச்சைச் சந்தேகிக்கலாம். இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். மறைக்கப்பட்ட மாற்றம், சொந்த வாகனச் சேதத்துக்கான காப்புறுதிக் கோரிக்கையை நிறுவனம் நிராகரிக்கக் காரணமாகலாம்.

பொய்யான விவரத்துடன் விற்றவர் வியாபாரியாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனையிலிருந்து மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்திலும் அதனைத் தொடர்புகொள்ளலாம். விற்றவர் தனியாளாயின் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுவதால், பொலிஸ் முறைப்பாடும் நீதிமன்றமுமே மிஞ்சும். ஆகவே தரகரின் வாய்வார்த்தையை நம்பாமல், சொன்னவற்றை எழுதிக் கையொப்பம் பெறுவது அவசியம்.

இவ்வளவு கவனித்தும் விபத்து நேர்ந்தால், காயமடைந்தவருக்கு 1990 இலக்க அம்புலன்ஸ் இலவசமாகக் கிடைக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஒவ்வொரு வாகனத்துக்கும் சட்டப்படி கட்டாயமாதலால், மோதிய வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் பொலிஸ் முறைப்பாட்டில் பதியச்செய்வது பின்னர் நட்டஈடு கோர உதவும். சமரசப் பேச்சிலேயே காலம் போக்குவோர் கவனிக்கத் தவறுவது, இத்தகைய நட்டஈட்டு வழக்கைச் சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதையே. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் அக்காலத்துக்குள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தை நாடலாம்.