அப்பாவோட பிளட் ரிப்போர்ட்டும் ஒரு தோற்றுப்போன மருந்தும்

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அப்பா.

அவருக்கு இரண்டு வருஷமாக ஆஞ்சைனா. மாடி ஏறினால் நெஞ்சு நடுவில் ஒரு இறுக்கம் வரும். இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகியிருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும், மாடி ஏறும்போது பத்தாது. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த டாக்டர், இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்று சொல்லியிருந்தார்.

போன மாசம் அப்பா யாரிடமும் கேட்காமல், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேபில் 'ஹார்ட் ரிஸ்க் பேக்கேஜ்' புக் செய்துவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வருது. மூன்று நம்பர்கள் தடித்த எழுத்தில். கீழே ஒரு வரி: "தம்பி, இதுல எனக்கு அட்டாக் வருமா வராதான்னு போட்டிருக்கா?"

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுகிறவன். அன்றைக்கு எனக்கு பதில் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தோண்டினேன்.

முதல் நம்பர் சிஆர்பி. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கும். பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும். நிலையான இதய நோய் உள்ளவர்களிடம் சிஆர்பியைப் பார்த்த 83 ஆய்வுகளை, 2010-ல் ஹாரி ஹெமிங்வே குழுவினர் ஒன்றாகத் திரட்டினார்கள். பல ஆய்வுகளின் தரம் சரியில்லை, சாதகமான ரிசல்ட்டுகளே அதிகம் வெளிவந்திருக்கு என்பதுதான் அவர்கள் கண்டது. இதை ஓரமாக வைப்போம்.

இரண்டாவது, என்டி-ப்ரோபிஎன்பி. இதில் வருகிற 'பி' என்றால் பிரெய்ன்! 1988-ல் ஜப்பானியர்கள் இந்த ஹார்மோனை முதலில் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் வந்த பெயர். அப்புறம் பார்த்தால் முக்கியமாகச் சுரப்பது இதயம். நம்ம கோட்பேஸில் தப்பாகப் பெயர் வைத்த வேரியபிளை யாரும் மாற்றாமல் விட்டுடுவோமே, அதே கதைதான். இதயத்தின் அறை அழுத்தம் தாங்காமல் இழுபடும்போது இது ரத்தத்தில் கூடும். 2005-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், இதயக்குழாய் நோய் சந்தேகத்தில் ஆஞ்சியோவுக்கு வந்த 1,034 பேரைச் சுமார் 9 வருஷம் தொடர்ந்தார்கள். 288 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களிடம் ஆரம்பத்திலேயே இந்த அளவு, பிழைத்திருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்திருக்கு. லேசான விஷயம் இல்லை.

மூன்றாவது, ட்ரோபோனின். இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். அட்டாக்கில் தசை சாகும்போது ரத்தத்தில் கொட்டும். இப்போதைய டெஸ்டுகள் ரொம்ப நுணுக்கமானவை. அட்டாக் இல்லாதவர்களிடம் துளித்துளியாகக் கசிவதையும் பிடித்துவிடும். நார்வேயின் ஓம்லான்ட் குழு 2009-ல் நிலையான இதய நோயாளிகள் 3,679 பேரின் ரத்தத்தில் இதை அளந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு வழக்கமான வரம்பைத் தாண்டியிருந்தது. அளவு கூடக்கூட, இதய நோயால் சாவதும் இதயம் செயலிழப்பதும் கூடியது. ஆனால் ஹார்ட் அட்டாக்கோடு? தெளிவான தொடர்பு இல்லை.

இந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். அப்பா கேட்டதே அதைத்தானே! நான் இதை இப்படிப் புரிஞ்சுக்கறேன்: இந்த இரண்டு நம்பர்களும் தசை எவ்வளவு தேய்ந்திருக்கு, எவ்வளவு சுமை தாங்குதுன்னு சொல்லும். அட்டாக் பெரும்பாலும் குழாயில் படிந்த கொழுப்பு திடீரென்று வெடித்து, அங்கே ரத்தம் உறைவதால் வருவது. எது எப்போது வெடிக்கும்னு இவை சொல்லாது.

(ஒன்று சொல்லிடறேன். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமானாலோ, லேப் புக் பண்ணாதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க.)

சரி, ரிஸ்க்கைக் காட்டுகிற பொருளைக் குறைத்தால் ரிஸ்க் குறையுமா? இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்காங்க. எல்பி-பிஎல்ஏ2 என்று ஒரு என்சைம். ரத்தத்தில் அது அதிகமாக இருப்பவர்களுக்கு இதயப் பிரச்சினை அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லின. அதை அடக்க டராப்லாடிப் என்ற மருந்து வந்தது. ஸ்டெபிலிட்டி என்ற சோதனையில் 15,828 நோயாளிகள். மருந்து என்சைமை நன்றாகவே அடக்கியது. 2014-ல் ரிசல்ட்: சாவு, அட்டாக், பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. அலர்ட்டை மியூட் பண்ணியாச்சு, பக் அப்படியே இருக்கு.

ஆனால் அந்தச் சோதனையில் சேமித்த ரத்தம் வீணாகலை. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகக் குழு அதில் 13,164 பேரின் தரவை வைத்து 2017-ல் 'ஏபிசி' என்றொரு கணிப்பு மாடலை வெளியிட்டது. வயசு, என்டி-ப்ரோபிஎன்பி, ட்ரோபோனின், எல்டிஎல், அதோடு புகைப்பழக்கம், சர்க்கரை, கால் ரத்தக்குழாய் நோய். இதய நோயால் சாகும் ரிஸ்க்கைக் கணிப்பதில் அதன் சி-இண்டெக்ஸ் 0.81. அதாவது இறந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் ஜோடி சேர்த்தால், நூறில் 81 ஜோடிகளில் இறந்தவருக்கு அதிக ரிஸ்க் கொடுத்திருக்கும். மாடல் பார்க்காத வேறொரு குழுவிடம் போட்டதும் 0.78. நல்ல மாடல்தான். அப்பவும் அது ஆட்களை வரிசைப்படுத்துது. அப்பாவுக்குத் தேதி குறிக்கலை.

அந்தப் பட்டியலில் எல்டிஎல் இருக்கு பாருங்க. மற்ற இரண்டு மார்க்கர்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கெட்ட கொழுப்பைக் குறைத்தால் உயிர் பிழைக்கிறதா என்பது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஆஞ்சைனாவோ ஏற்கெனவே அட்டாக்கோ வந்த 4,444 பேர். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் சாவு 30 சதவீதம் குறைந்தது.

அப்பாவோட எல்டிஎல் 118. ரிப்போர்ட்டில் அது தடித்த எழுத்தில் இல்லை! லேப் போட்டிருந்த வரம்பு ஆரோக்கியமான ஆளுக்கானது. இதய நோய் உள்ளவருக்கு 70-க்குக் கீழே, ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 55-க்குக் கீழே இருக்கணும். புரொடக்ஷன் சர்வருக்கு டெஸ்ட் சர்வரோட த்ரெஷோல்டை வைத்த மாதிரி.

ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போனோம். தடித்த நம்பர்களைப் பார்த்து ஒரு எக்கோ எழுதினார். அப்புறம் 118-ல் விரலை வைத்து, "ஸ்டாட்டின் ஒழுங்காப் போடறீங்களா சார்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். வலி இல்லாததால் நாலு மாசமாக நிறுத்தியிருக்கார். எனக்கும் தெரியாது, நானும் கேட்கலை.

ஆறு வாரம் கழித்து எல்டிஎல் மட்டும் எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கார். நேற்று அப்பாகிட்டேர்ந்து மெசேஜ்: ஃபுல் பேக்கேஜுக்கு அந்த லேப்ல இருபது சதவீதம் தள்ளுபடியாம்.