கம்பெனிக் கோப்பெல்லாம் மெயிலுக்குள்ளேயா?

சிறு அலுவலகங்களில் பரவலாக உள்ள பழக்கம் இது. பில், ஜி.எஸ்.டி. கணக்கு, பங்குதாரர் பட்டியல் என்று எது தயாரானாலும் தன் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுவார் கணக்கர். வேண்டும்போது பெயரைத் தட்டித் தேடினால் வந்துவிடும், காசும் இல்லை. குமராட்சி போன்ற கொள்ளிடக்கரைப் பகுதியில் இந்தப் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட தானே புயல், 2015 பெருமழை, 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் என்று அடுத்தடுத்துப் பார்த்த ஊர்கள் இவை. தரையில் இருக்கும் கம்ப்யூட்டர் நனைந்தாலும் மெயிலில் போட்டது நனையாது.

ஆனாலும் கோப்புகளைச் சேமித்து வைக்க மெயில் ஆபத்தான இடம். மெயில் ஒரு தபால்காரர். எழுத்துகளை மட்டும் கொண்டுபோகவே முதலில் வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு அது. படமோ எக்செல் கோப்போ போக வேண்டுமானால் எழுத்துகளாக மாற்றப்பட வேண்டும். அப்போது மூன்று பைட் நான்காகிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை. பெரிய ஸ்கேன் கோப்புகளை மெயில் சில சமயம் இணைப்பாக ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜி.பி. இடத்துடன் வந்தபோது, அதை ஒரு ஹார்டு டிஸ்க் போலவே பயன்படுத்தும் ஜிமெயில்எஃப்எஸ் என்ற மென்பொருளை ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் அதே ஆண்டில் எழுதினார். மெயிலைக் கிடங்காக்கும் ஆசை புதிதல்ல. இன்று இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. அது நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. வங்கி அனுப்பும் கடிதமும் வரித்துறை நோட்டீசும் வாசலோடு திரும்பிவிடும். எனக்கு இதுவே பெரிய பயம்.

அடுத்தது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. கணக்கர் தன் சொந்த மெயிலில் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனால் நிறுவனத்தின் நினைவும் அவரோடு போய்விடும். ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். இரண்டு ஆண்டு திறக்காமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் 0.02 சதவீத ஜிமெயில் பயனர்களின் பெட்டிகள் காலியாயின. டேப்பில் எடுத்துவைத்த பிரதியிலிருந்துதான் கூகுள் அவற்றை மீட்டது. கூகுளே தனியாகப் பிரதி வைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, கோப்புகளை மெயிலில் மட்டும் வைப்பது சட்டச் சிக்கலும்கூட. அவை கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும். மின்னணு முறையில் வைத்தால் இந்தியாவிலேயே உள்ள சர்வரில் தினமும் பிரதி எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜி.எஸ்.டி. ஆவணங்களுக்கு, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. நிறுவனத்தின் பெயரில் மெயில், இரு நிர்வாகிகளுக்கு அனுமதியுள்ள பொது டிரைவ், வாரம் ஒருமுறை நகலெடுத்து வேறொரு ஊரில் மாடி அறையில் வைக்கும் ஹார்டு டிஸ்க். மெயிலில் கோப்பை அனுப்பாமல் டிரைவ் லிங்கை அனுப்புங்கள். ஒரே பட்டியலுக்குப் பத்து வடிவங்கள் சுற்றாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், உங்கள் கணக்கர் கையிலுள்ள மெயிலில் என்னென்ன இருக்கின்றன என்று அவரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.