இனத்துவமும் தேசியமும்: கிழக்கு வங்க வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

'இனம்' என்னும் சொல் நம் மொழிக்குப் புதியதன்று. இலக்கண நூலார் எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்தனர். திருவள்ளுவர் 'சிற்றினம் சேராமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தில் இனம் என்பது பிறப்பால் வந்த குலத்தைச் சுட்டவில்லை. ஒருவன் தேர்ந்து பழகும் கூட்டத்தையே சுட்டுகிறது. குருதி, மொழி, சமயம், நிலம் ஆகியவற்றால் ஒன்றுபட்ட மக்கள் தொகுதி என்னும் இன்றைய அரசியற் பொருள் இச்சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. 'தேசியம்' என்பதும் அண்மைக்கால அரசியல் வழக்கில் வேரூன்றிய சொல்லே. இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் கருதிப் பேசுவோர் இன்று பலர். அதனால் விளையும் குழப்பம் சிறிதன்று.

ஒரு கூட்டத்தார் தம்மைப் பிறரிடமிருந்து வேறுபட்டோராக உணர்தலும், பிறரால் அவ்வாறு உணரப்படுதலும் இனத்துவம் ஆகும். அக்கூட்டம் தன்னைத் தானே ஆளும் உரிமையுடையது என்னும் அரசியற் கோரிக்கை தேசியம் ஆகும். முன்னது இருக்கும் இடமெல்லாம் பின்னது தோன்றுவதில்லை. அங்ஙனமாயின், எப்போது தோன்றுகிறது? ஒரு மனிதனுக்கு மொழி, சமயம், ஊர், குலம் எனப் பல பிணைப்புகள் இருக்கையில் அவற்றுள் எது அரசியல் வடிவம் பெறுகிறது? 1947-இல் சமயத்தின் பெயராலும் 1971-இல் மொழியின் பெயராலும் எழுந்து நின்ற கிழக்கு வங்க மக்களின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

இப்னு கல்தூன் கண்ட பிணைப்பு

கூட்டுணர்வைப் பற்றிய ஆராய்ச்சி மேலைநாட்டார் தொடங்கியது என்று எண்ணுதல் பிழையாகும். துனிஸில் 1332-இல் பிறந்து கெய்ரோவில் 1406-இல் மறைந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377-இல் இயற்றிய 'முகத்திமா' என்னும் நூலில் 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பை விரிவாக ஆராய்ந்தார். அரசுகள் எழுவதும் வீழ்வதும் இப்பிணைப்பின் வலிமையையும் தளர்ச்சியையும் ஒட்டியே என்பது அவர்தம் கொள்கை. வம்சம் என்பது எண்ணத்தால் அமைவதேயன்றித் தனி உண்மை உடையதன்று என்றும், அதனால் விளையும் ஒட்டுறவே அதன் பயன் என்றும் அவர் கூறினார். உடன்வாழும் நண்பரும் அடைக்கலம் புகுந்தோரும்கூட நாளடைவில் அப்பிணைப்புக்கு உரியவராவர். சமயம் அப்பிணைப்பை உரப்படுத்தும். ஆயினும் அப்பிணைப்பின் துணையின்றிச் சமய அழைப்பும் நிலைபெறாது என்று அவர் கருதினார். இருபதாம் நூற்றாண்டில் மாக்ஸ் வெபர், பொது மூதாதையர் உண்டென்னும் நம்பிக்கையே இனக்குழுவை ஆக்குகிறது. உண்மையில் குருதியுறவு உண்டா என்பது பொருட்டன்று என்றார். இவ்விருவரிடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இருப்பினும் கருத்தால் நெருங்கியவர்கள்.

இனத்துவம் பற்றிய கொள்கைகள்

பிற்கால ஆய்வாளர்களை மூன்று அணியினராகப் பகுத்துக் காணலாம்.

முதல் அணியினர் ஆதிப்பிணைப்புக் கொள்கையினர். எட்வர்டு ஷில்ஸ் 1957-இலும் கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1963-இலும் இக்கருத்தை விளக்கினர். குருதி, மொழி, சமயம், வழக்கம் ஆகியவற்றால் வரும் ஒட்டுறவு, ஆராய்ந்து தேர்ந்து கொள்ளப்படுவதன்று. பிறப்போடு வந்ததாகவே மனிதன் அதனை உணர்கிறான் என்பர். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் குடியுரிமைப் பிணைப்பும் இவ்வாதிப்பிணைப்பும் மோதுவதைக் கீர்ட்ஸ் சுட்டிக்காட்டினார்.

இரண்டாம் அணியினர் இனத்துவத்தைப் பயன்கருதிய கருவியாகக் காண்பர். நைஜீரியாவின் இபதான் நகரில் கோலாக்கொட்டையும் கால்நடையும் வணிகம் செய்த ஹவுஸா முஸ்லிம்களை ஏப்னர் கோஹன் ஆராய்ந்து 1969-இல் நூலாக வெளியிட்டார். நெடுந்தொலைவு வணிகத்தைத் தம் கையில் வைத்திருக்க அவர்களுக்குத் தனிக்கூட்டமாக இருத்தல் தேவைப்பட்டது. சுற்றியிருந்த யொரூபா மக்களிலும் முஸ்லிம்கள் பெருகியபோது, ஹவுஸா வணிகர் திஜானிய்யா தரீக்காவைப் பெருவாரியாகத் தழுவித் தம் தனித்தன்மையைப் புதுப்பித்துக்கொண்டனர் என்று அவர் விளக்கினார்.

மூன்றாமவர் நார்வே நாட்டு மானிடவியலறிஞர் ஃபிரெடரிக் பார்த். ஒரு குழுவின் உணவு, உடை, வழக்கம் ஆகியவற்றைப் பட்டியலிடுவதால் அக்குழுவை அறிய இயலாது. 'நாம்', 'அவர்' எனப் பிரிக்கும் எல்லைக்கோட்டையே ஆராய வேண்டும் என அவர் 1969-இல் எழுதினார். பட்டாணியர் சிலர் பலூச்சியரின் தலைவர்களைச் சார்ந்து வாழத் தொடங்கி, நாளடைவில் பலூச்சியராகவே ஆகிவிடுவதை அவர் காட்டினார். ஆட்கள் கோட்டைக் கடக்கின்றனர், கோடு அழிவதில்லை.

தேசியம் பற்றிய கொள்கைகள்

ஏர்னஸ்ட் கெல்னர் 1983-இல், தேசியம் தொழில்மயச் சமுதாயத்தின் விளைவு என்றார். உழவன் தன் ஊர்ப் பேச்சோடு வாழ்ந்துவிடலாம். அலுவலகமும் ஆலையும் நிறைந்த உலகிலோ பள்ளியில் கற்ற பொதுமொழி இன்றியமையாதது. அம்மொழி யாருடையதோ அவருக்குக் கதவு திறக்கிறது. தம் மொழி பள்ளிமொழியாகாத மக்கள் அப்பொதுமொழியில் கரைந்துபோதல் வேண்டும். அன்றேல் தமக்கென ஓர் அரசை நாடுதல் வேண்டும்.

அதே ஆண்டில் பெனடிக்ட் ஆண்டர்சன், தேசம் என்பது கற்பிதச் சமூகம் என்றார். கற்பிதம் என்றதனால் பொய் என்று பொருள் கொள்ளலாகாது. ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத இலட்சக்கணக்கானோர் ஒரே மொழி இதழைக் காலையில் படிக்கும்போது, தாம் ஒரு கூட்டத்தார் என மனத்தில் உணர்கின்றனர் என்பதே அதன் பொருள். அந்தோணி ஸ்மித் 1986-இல் இதனைத் திருத்தினார். புதிய தேசங்கள் வெறும் வெளியில் எழுவதில்லை. பழைய இனக்குழுக்களின் பெயர், நினைவு, புராணம், குறியீடு ஆகியவற்றைக் கொண்டே கட்டப்படுகின்றன என்றார்.

நம் துணைக்கண்டத்தைப் பற்றியும் இத்தகைய வாதம் ஒன்று நடந்தது. வடஇந்திய முஸ்லிம் அரசியலைக் குறித்து, தலைவர்களே குறியீடுகளைத் தேர்ந்து மக்களைத் திரட்டினர் எனப் பால் பிராஸ் கூறினார். சமுதாயம் பற்றிய இஸ்லாமிய மரபே அத்தலைவர்களின் எண்ணத்தை வடிவமைத்தது எனப் பிரான்சிஸ் ராபின்சன் மறுத்தார். இருவர் கூற்றிலும் உள்ள உண்மையைக் கிழக்கு வங்க வரலாறு புலப்படுத்துகிறது.

கிழக்கு வங்கம் நடந்த வழி

1946-ஆம் ஆண்டுத் தேர்தலில், வங்கத்தில் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் மிகப் பெரும்பான்மையை முஸ்லிம் லீக் வென்றது. நிலக்கிழாருக்கும் கடன் கொடுப்போருக்கும் அடங்கி வாழ்ந்த உழவர்க்குப் பாகிஸ்தான் ஒரு விடுதலையாகத் தோன்றியது. அவ்வுணர்வைப் பொய் என்று தள்ளுதல் நேர்மையாகாது. 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிறந்தது. அதன் இரு பகுதிகளுக்கு இடையே சுமார் 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் இருந்தது. நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி வங்கம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு.

1948 பிப்ரவரியில் அரசியல் நிர்ணய சபையில் தீரேந்திரநாத் தத்தா, வங்க மொழிக்கும் இடம் வேண்டும் என்றார். டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப விரும்பும் ஏழை உழவன், தன் மொழியில் இல்லாத மணியார்டர் படிவத்தோடு அல்லலுறுவதை அவர் எடுத்துரைத்தார். கெல்னர் பின்னாளில் கோட்பாடாக எழுதியது அச்சிறு படிவத்திலேயே அடங்கியிருந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. மார்ச்சு 21 அன்று டாக்காவில் பேசிய முகம்மது அலி ஜின்னா, மாகாண அளவில் எம்மொழியும் வழங்கலாம். நாட்டின் அரசுமொழி உருது ஒன்றே என அறிவித்தார். வங்க மொழியை அரபு எழுத்தில் எழுதச் செய்யும் திட்டமும் மத்திய அரசால் முன்வைக்கப்பட்டது. ஆழ்ந்த சமயப் பற்றுடைய மொழியறிஞர் முகம்மது ஷஹீதுல்லா வங்க மொழிக்காக வாதிட்டார்.

தமிழறிந்தோர் இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபுத்தமிழ் நூல்கள் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும் இலங்கையிலும் விரும்பிப் படிக்கப்பட்டன. அது தமிழுக்கு எதிரானது என எவரும் கருதியதில்லை. மக்கள் தாமே விரும்பி மேற்கொண்டபோது எழுத்து ஒரு செல்வமாயிற்று. வங்கத்திலோ அரசின் ஆணையாக வந்தபோது அதே எழுத்து எல்லைக்கோடாயிற்று. பண்பாட்டுப் பொருளைவிட எல்லையே முதன்மையானது என்னும் பார்த்தின் கூற்று இதனால் விளங்கும்.

1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் தடையை மீறிய மாணவர் மீது காவலர் சுட்டனர். அபுல் பரகத், ரஃபீகுத்தீன் அகமது, அப்துல் ஜப்பார் முதலியோர் உயிர் துறந்தனர். சமயத்தால் சுட ஆணையிட்டோரும் மாண்டோரும் ஒருவரே. 1954 மாகாணத் தேர்தலில், வங்கத்தை அரசுமொழியாக்குவதை முதற் கோரிக்கையாக வைத்த ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. 237 முஸ்லிம் இடங்களில் முஸ்லிம் லீக் வென்றவை பத்தைத் தாண்டவில்லை. எட்டே ஆண்டுகளில் அம்மக்கள் சமயத்தை விட்டுவிடவில்லை; மொழியைப் புதிதாகப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. இரண்டும் முன்னரே இருந்தவை. அரசு தன் கதவை எப்பக்கம் அடைத்ததோ அப்பக்கத்துப் பிணைப்பே அரசியல் ஆயிற்று.

1956 அரசியலமைப்பு உருதுவையும் வங்கத்தையும் அரசுமொழிகளாக ஏற்றது. ஆயினும் பிளவு தீரவில்லை. சணல் ஏற்றுமதியால் கிழக்கு ஈட்டிய அந்நியச் செலாவணி பெரும்பாலும் மேற்கில் செலவிடப்பட்டது; படையிலும் உயர்பதவிகளிலும் வங்காளியர் மிகச் சிலரே இருந்தனர்; 1958-இல் படையாட்சி வந்தது. 1966-இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் ஆறம்சத் திட்டத்தை வெளியிட்டார். 1970 நவம்பர் 12-ஆம் நாள் பெரும்புயலில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மத்திய அரசின் உதவி மந்தமாக வந்தது. அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கின் 162 பொது இடங்களில் 160-ஐ அவாமி லீக் வென்றும் ஆட்சி அளிக்கப்படவில்லை. 1971 மார்ச்சு 25 இரவில் படை ஏவப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு அகதிகளாக வந்தனர். டிசம்பர் 16 அன்று வங்காளதேசம் விடுதலை பெற்றது.

நலன்கள் புறக்கணிக்கப்பட்டதைக் கருவிக்கொள்கை விளக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி 21 விடியலில் வெறுங்காலோடு ஷஹீத் மினாருக்கு நடந்து மலர் வைக்கும் மக்களின் உள்ளத்தை ஸ்மித்தின் குறியீட்டுக் கொள்கையே விளக்கும். யுனெஸ்கோ 1999-இல் அந்நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

வென்ற தேசியத்தின் உள்ளே

வரலாறு இங்கு முடிந்திருப்பின் இது மொழியின் வெற்றிக்கதையாக மட்டும் அமைந்திருக்கும். 1972-இல் புதிய நாட்டின் அரசியலமைப்பு, குடிமக்கள் அனைவரும் வங்காளியர் என்றபோது, சிட்டகாங் மலைப்பகுதியின் உறுப்பினர் மனவேந்திர நாராயண் லார்மா, சக்மா மக்கள் வங்காளியர் அல்லர் எனச் சபையில் எதிர்த்துரைத்தார். அவர் குரல் ஏற்கப்படவில்லை. பிறகு மூண்ட ஆயுதப் போர் 1997 டிசம்பர் உடன்படிக்கை வரை நீடித்தது. உருது பேசும் மக்களோ முகாம்களில் தலைமுறை கடந்து வாழ்ந்தனர். 2008-இல்தான் உயர்நீதிமன்றம் அவர்களுடைய குடியுரிமையை உறுதி செய்தது. தம்மீது ஒரே மொழி திணிக்கப்பட்டதை எதிர்த்து எழுந்தோரே, பிறர்மீது ஒரே பெயரைத் திணித்தனர். நாட்டின் அடையாளமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் ஜியாவுர் ரஹ்மான் ஆட்சியில் 'வங்காளதேசத்தவர்' என்னும் அடையாளம் முன்வைக்கப்பட்டது. 1988-இல் இஸ்லாம் அரசுச் சமயமாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இனத்துவ உணர்வு ஆழமானது. ஆயினும் அது ஒன்றாக இருப்பதில்லை, பலவாக இருப்பது. அப்பலவற்றுள் எது தேசியமாகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பள்ளியும் அலுவலகமும் படையும் பதவியும் பகிரப்படும் முறையாகும். எந்தத் தேசியமும், தான் பெற்ற உரிமையைத் தன்னுள் இருக்கும் சிறுபான்மையினர்க்கு வழங்காதவரை, தான் எதிர்த்த அநீதியையே மீண்டும் செய்யும்.

இவ்வுண்மைகள் நமக்கும் உரியவை. உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது தமிழையும் தீனையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை. "நீ முதலில் எவன்?" என்னும் வினா நம் இளைஞரை நோக்கி இன்று பல திசைகளிலிருந்தும் எழுப்பப்படுகிறது. அவ்வினாவை எழுப்புவோர் ஒரு விடையைப் பறித்து மற்றொன்றைக் கொடுக்க முயல்கின்றனர். அதற்கு உடன்படுதல் நம் கடமையன்று. திருக்குர்ஆனின் அல்-ஹுஜுராத் அத்தியாயம், மாந்தர் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என உணர்த்துகிறது. வேறுபாட்டை மறைக்காமலும் அதனைப் பகையாக்காமலும் வாழும் வழியைக் கற்பதற்கு மொழித்துறைகள் பெரிதும் துணைபுரியும். மாணவர்கள் இக்கொள்கைகளைத் தேர்வுக்காக மட்டுமன்றித் தம் ஊரையும் அண்டை அயலாரையும் அறிந்துகொள்ளும் நோக்கோடும் பயில வேண்டும் என்பதே நம் வேணவா.